அழாமல் பிறந்த கோமதி

கோமதி பிறந்தபோது அழவில்லை. இதை நான் சொன்னால், "அவ்வளவு சாதுவா உங்க பொண்ணு?" என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாதுவும் இல்லை, சமர்த்தும் இல்லை. அவளுக்கு மூச்சு வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில்தான் அப்போதும் எங்கள் வீடு, இப்போதும் அங்கேதான். எங்கள் வீட்டுக்காரர் ரயிலில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்துக் கட்டையைத் தள்ளிவிடுகிற வேலை. எனக்கு ஒரு நாள் காலையில் வலி எடுத்தது. லயத்துக்கு வழக்கமாக வருகிற மருத்துவச்சியை அழைத்து வந்தார்கள். பொழுது சாய்கிறவரை பிள்ளை வரவில்லை. வந்தபோது கழுத்தைக் கொடி சுற்றியிருந்தது. உடம்பு நாவல்பழ நிறத்தில் இருந்தது. கையும் காலும் ஈரத்துணி மாதிரித் தொங்கின.

மருத்துவச்சி கொடியை விலக்கினாள். பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினாள். வாயில் வாய் வைத்து ஊதினாள். நான் பாயில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். "போச்சு" என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. அப்புறம்தான் ஒரு முனகல் கேட்டது. கூடியிருந்த பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். பிள்ளை பிழைத்துவிட்டது, இனிமேல் கவலை இல்லை என்று நானும் கண்ணை மூடினேன். எவ்வளவு வெகுளியாக இருந்திருக்கிறேன்!

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. செந்தூலிலிருந்தும் கிள்ளானிலிருந்தும்கூடப் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டைத் தேடி வருகிறார்கள். "ஆஸ்பத்திரியில என்னக்கா செய்வாங்க? தலைய அறுப்பாங்களா?" என்று கேட்கிறார்கள். எத்தனை பேருக்கு வாய் வலிக்கச் சொல்வது? மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த நாலெழுத்து கையில் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிட்டால் வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்துக்கொள்ளட்டும், தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

முதல் சில மாதங்கள் கோமதிக்குப் பால் குடிக்கவே தெம்பில்லை. நாலு இழுப்பு இழுப்பாள், களைத்துத் தூங்கிவிடுவாள். செத்துப் பிழைத்த பிள்ளை என்பதால் அவளைத் தொடவே எல்லாருக்கும் பயம். "அவள அலட்டாதீங்க, தூளியிலேயே கெடக்கட்டும்" என்று பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா முடிவு செய்தார். அவர் ஒன்றை முடிவு செய்தால் லயமே முடிவு செய்த மாதிரி. உத்திரத்தில் என் கல்யாணச் சேலையைத் தூளியாகக் கட்டி, அதில் நீளமாக ஒரு கயிற்றைக் கோத்து, ஜன்னல் வழியாக வெளியே விட்டுவிட்டார். குழாயடிக்குக் குடத்தோடு போகிற பெண்கள் போகும்போது ஓர் இழுப்பு, வரும்போது ஓர் இழுப்பு. வேலை முடிந்து கரிமுகத்தோடு வருகிற ஆண்கள்கூட ஜன்னலோரம் நின்று நாலு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தூளி நின்று நான் பார்த்ததில்லை. அவ்வளவு பாசமான ஜனங்கள். பிள்ளையும் அதில் போட்டால் சத்தமில்லாமல் கிடப்பாள், வெளியே எடுத்தால் விறைத்துக்கொண்டு அழுவாள். அப்படியானால் தூளிதான் அவளுக்குச் சுகம் என்று நினைக்காதவர் யார்?

அதே வருஷம் லயத்தில் பிறந்த மற்றப் பிள்ளைகள் தவழ்ந்து, எழுந்து, ஓட ஆரம்பித்தார்கள். கோமதிக்குத் தலை நிற்கவே வருஷம் ஆனது. உட்கார வைத்தால் பின்னால் சாய்ந்தாள். நிறுத்தினால் இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொண்டன. குதிகால் தரையில் படவில்லை. கை எப்போதும் மூடியே இருந்தது. பேச்சு வரவில்லை. கிரகணத்தன்று வெளியே போனாயா என்றார்கள். காய் நறுக்கினாயா என்றார்கள். நான் கிரகணத்தன்று வாய்க்குள் எச்சில்கூட விழுங்காமல் உட்கார்ந்திருந்தவள். அதைச் சொன்னால் அடுத்த காரணம் தேடினார்கள்.

இரண்டு வயது முடிந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. மத்தியானம் கண் மேலே செருகி, உடம்பு வெட்டிவெட்டி இழுத்தது. மாந்தம் என்றார் அஞ்சலை அக்கா. வசம்பு சுட்டு நாக்கில் தடவினார். நின்றது, மறுபடி இழுத்தது. எங்கள் வீட்டுக்காரர் வேலையில் இருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வந்த ரிக்‌ஷாவில் ஏறினேன். "ஆஸ்பத்திரி" என்ற ஒரு வார்த்தைதான் சொன்னேன். அந்தச் சீனக் கிழவர் என் மடியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் அவர் ஓடிய ஓட்டத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் நீள வராந்தா. பெஞ்சியில் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையின் வாயில் நுரையைப் பார்த்ததும் வரிசை தானாக விலகி வழி விட்டது. ஊசி போட்டார்கள், ஈரத்துணியில் சுற்றினார்கள், வலிப்பு அடங்கியது. வலிப்பு என்பது பேயும் இல்லை, பறவை நிழல் பட்ட தோஷமும் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். மூளையில் ஒரு இடம் கட்டுக்கு அடங்காமல் துடித்தால் உடம்பு முழுக்க இழுக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் வாயில் எதையும் போடக் கூடாது. வசம்பும் கூடாது.

பிள்ளைகள் வார்டைப் பார்த்தவர் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. வயது குறைவு, நடை வேகம். ஹலிமா என்ற மலாய்க்கார ஆயாவோடு சரளமாக மலாய் பேசுவார். தமிழ் வராது. நமக்கும் அவருக்கும் நடுவில், டாக்டருக்குத் துணையாகக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரசர் ஐயாதான் பாலம். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் திருநீறு, குரலில் ஒரு நிதானம். காய்ச்சல் விட்டதும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று இருந்தேன். டாக்டரம்மா பிள்ளையின் கால்களை விரித்துப் பார்த்தார், முட்டியில் சின்ன சுத்தியலால் தட்டினார். தட்டினதும் கால் துள்ளி எழுந்தது. அவர் முகம் மாறியது.

"அம்மா, டொக்டர் கேக்கிறா, பிள்ளை பிறந்த உடனே அழுததோ?" என்றார் டிரசர் ஐயா.

இரண்டு வருஷமாக யாரும் அதைக் கேட்டதில்லை. கிரகணத்தைக் கேட்டார்கள், கண்ணேறைக் கேட்டார்கள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பிறகு சோதனைகள். கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்கள். இடுப்பையும் தலையையும் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். முதுகெலும்புக்கு நடுவே ஊசியை விட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். மூளைக்காய்ச்சல் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அது. பார்க்கத்தான் பயங்கரம், பிள்ளை சாயங்காலமே சிரித்தாள். அடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். எதற்கு என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். டிரசர் ஐயா அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னார். ஆண்களுக்கு வருகிற கெட்ட வியாதி பிள்ளைக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்காம். வெளியே வந்தவரின் முகம் சிவந்து கறுத்துவிட்டது. "என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?" என்று வழியெல்லாம் கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. நான் அதற்கு முன்பே அவரிடம் சொன்னேன், இவ்வளவு கோபப்படுகிற ஆளுக்கு அதற்கெல்லாம் துணிச்சல் வராது என்று.

எல்லாம் முடிந்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். டிரசர் ஐயா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, வயித்துக்குள்ள இருக்கேக்கை பிள்ளை தானாய் மூச்சு விடாது. தாயின்ர ரத்தத்தில இருக்கிற காத்து, அந்தக் கொடி வழியாத்தான் போகும். கொடி நெருக்குப்பட்டால் காத்து நிண்டு போகும். விளக்கைக் குடத்தால மூடினால் என்ன நடக்கும்? அதுதான். மூளையில கொஞ்ச இடம் அணைஞ்சு போச்சு. காலையும் கையையும் ஆட்டுற இடம்."

"மறுபடி கொளுத்த முடியாதா ஐயா?"

அவர் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "அணைஞ்சது அணைஞ்சதுதான். ஆனா இது வளர்ற நோய் இல்லை எண்டு சொல்றா. ஆறின காயம். இனிமேல் கூடிப் போகாது. மிச்சம் இருக்கிற மூளைக்குப் பழக்கினால் அது வேலையைப் படிக்கும். உங்களில ஒரு பிழையும் இல்லை எண்டும் சொல்லச் சொல்றா."

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். என் மனசில் இருந்த கிரகணம் அன்றைக்குத்தான் விட்டது.

அத்தோடு சண்டை ஆரம்பித்தது. பழக்குவதற்காகக் கோமதியை வார்டிலேயே வைத்துக்கொள்வதாக டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் உடனே வீட்டுக்குப் போய்க் கல்யாணச் சேலையை எடுத்து வந்து ஜன்னல் கம்பிக்கும் கட்டில் கம்பிக்கும் நடுவே தூளி கட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை எப்படித் தூங்கும்? டாக்டரம்மா வந்தார், பார்த்தார், தாமே முடிச்சை அவிழ்த்தார். நான் மறுபடி கட்டினேன். அவர் மறுபடி அவிழ்த்தார். மூன்றாம் முறை சேலையின் ஒரு தலைப்பு அவர் கையிலும் மறு தலைப்பு என் கையிலும் இருந்தது. வார்டே வேடிக்கை பார்த்தது. டிரசர் ஐயா ஓடி வந்தார்.

"கோபிக்காதேங்கோ அம்மா. தூளிக்குள்ள பிள்ளை வளைஞ்சு கிடக்குது. ரெண்டு காலும் சேந்து நெருக்குப்படுது. தள்ளி எழும்ப ஒரு பிடி இல்லை. பாக்கிறதுக்குத் துணியை விட்டால் வேறை ஒண்டுமில்லை. நல்ல பிள்ளைக்குத் தூளி நித்திரைக்கு மட்டும். இந்தப் பிள்ளைக்கு நாள் முழுக்கத் தூளி எண்டால் அது சிறை. அவளுக்குத் தரை வேணும்."

நாங்கள் எல்லாரும் சேர்ந்து, பாசத்தோடு, முறை போட்டு ஆட்டிய தூளி. லயத்தில் எல்லாரும் செய்த காரியத்தை ஒருத்தி வந்து சிறை என்கிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் டாக்டரம்மா தரையில் ஒரு கம்பளியை விரித்து, சுருட்டிய தலையணைமேல் கோமதியைக் குப்புறப் போட்டுவிட்டார். பிள்ளை முதலில் வீறிட்டாள். பிறகு மூடியிருந்த கை ஒன்றைத் தரையில் ஊன்றினாள். கழுத்து நடுங்க நடுங்கத் தலையை உயர்த்தி வார்டு முழுவதையும் பார்த்தாள். பிறந்து இரண்டு வருஷம் ஆனவள் அப்போதுதான் உலகத்தை நேராகப் பார்க்கிறாள். சேலையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

செய்தி லயத்துக்குப் போனதும் அஞ்சலை அக்கா கயிற்றோடு வந்து நின்றார்.

"ஏண்டி ராசம்மா, பச்சப் புள்ளையத் தரையில போட்டு வச்சிருக்கியாம்லா? எறும்பு கடிக்காதா? நாங்க இத்தன பேரும் தூளி ஆட்டுனது வெள்ளைக்காரிக்குக் கொறச்சலாப் போச்சா?"

"கொறச்சல் இல்லக்கா. ரொம்பக் கூடிப்போச்சாம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் கோமதிக்கு எதிரே குப்புறப் படுத்தார். நிறைத்துக் கட்டிய அரிசி மூட்டை மாதிரி உடம்பு அவருக்கு. "இந்தா பாருடி, அத்தையப் பாரு" என்று தலையைத் தூக்கிக் காட்டினார். பிள்ளையும் தூக்கினாள். அதற்குப் பிறகு லயத்துப் பெண்கள் நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரத்தில் ஒவ்வொருவராக வந்து தரையில் படுத்தார்கள். அந்த வார்டு ஆயாக்கள் அப்படி ஒரு காட்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் பழக்கம் ஒன்றை டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். நான் கோமதியை இடுப்பில் வைத்துத் தூக்கியபோது பார்த்துக்கொண்டே இருந்தவர், இப்படியே தூக்கு என்றார். இடுப்பின் இரு பக்கமும் கால் விரிவதால் பின்னிக்கொள்கிற கால் தளர்கிறதாம். தானும் தூக்கிப் பார்த்தார். நமக்குப் பழகினது அவர்களுக்குப் பழகவில்லை. நேராக நின்று நிமிர்ந்த இடுப்பில் பிள்ளை வழுக்கிக்கொண்டே இறங்கினாள். இடுப்பை ஒடித்து வைக்க வேண்டும் என்று நான் நின்று காட்டினேன். அவர் ஒடித்தார். ஹலிமா தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பகலெல்லாம் நான் இருக்கலாம். இருட்டுவதற்குள் போய்விட வேண்டும், அது சட்டம். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கட்டிலில் விட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போது அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அழுதால்கூடத் தேவலை, வெறுமனே பார்ப்பாள். ராத்திரியெல்லாம் அவளுக்கு ஹலிமாதான். சோறூட்டுவது, துடைப்பது, அழுதால் தோளில் போட்டு நடப்பது எல்லாம் அவள்தான். என் பிள்ளைக்கு ராத்திரியில் என் பாஷைகூட இல்லையே என்று வீட்டில் படுத்துக்கொண்டு வேதனைப்படுவேன். காலையில் போனால் தலை வாரி, பவுடர் போட்டு உட்கார வைத்திருப்பாள் ஹலிமா. அவளுக்கு நான் கொண்டுபோன முறுக்கைக் கொடுப்பேன். வேறு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ரப்பர் விலை விழுந்து, நம் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ரயிலிலும் ஆள் குறைத்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் எந்த நிமிஷமும் சீட்டு வரும் என்று பயந்துகொண்டிருந்தார். என் வயிற்றில் அடுத்தது வேறு. கோமதி வார்டுக்கு வந்து ஆறேழு மாதமாகி, மழைக்காலம் முடிகிற சமயத்தில் டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

கோமதியின் உடம்பு கேட்கிறது, முதுகு நிற்கிறது, இரும்புச் சட்டம் வைத்த பூட்ஸ் செய்து போட்டால் பிறகு நடக்கவும் கூடும் என்றார். ஆனால் அதற்கெல்லாம் பல வருஷப் பழக்கம் வேண்டும், சொன்னதைப் புரிந்துகொண்டு செய்யும் புத்தி வேண்டும். மூச்சு முட்டினதில் புத்தி இருக்கிற இடமும் அணைந்திருந்தால் இந்தப் பாடெல்லாம் வீண். அப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்க ஓர் இல்லம் இருக்கிறது, தூரத்தில். அங்கே அனுப்புவது பிள்ளைக்கும் நல்லது, வரப்போகிற பிள்ளைக்கும் நல்லது. எது என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் உட்கார்ந்து சோதிக்கப் போகிறேன் என்றார்.

வெளியே வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"புத்தி இல்லேன்னு அந்தம்மா சொல்லிட்டா, நான் கையெழுத்துப் போட்டுருவேன் ராசம்மா."

"என்ன பேச்சுங்க இது? அவளுக்குப் புத்தி இருக்கு. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்? ஒரு நாளாச்சும் அப்பான்னு கூப்பிட்டிருக்காளா? நாளைக்கு என்னக் கப்பலேத்தி விட்டா, ரெண்டு புள்ளையோட, அதுல ஒண்ணத் தூக்கிச் சுமந்துகிட்டு, நீ என்ன செய்வ?"

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் அதிகமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

சோதனை நாளன்று அவர் உள்ளே வரவில்லை, வராந்தாவிலேயே நின்றுவிட்டார். அறையில் டாக்டரம்மா, டிரசர் ஐயா, ஹலிமா, நான், என் மடியில் கோமதி. மேஜைமேல் ஒரு கோப்பை, ஒரு பந்து, ஒரு சீப்பு வைத்தார்கள்.

"கோமதி, கோப்பை எங்கை? கையால தொட்டுக் காட்டு பாப்பம்" என்றார் டிரசர் ஐயா.

கோமதி கோப்பையைப் பார்த்தாள். கையை நீட்டினாள். அவள் ஒன்று நினைத்தால் கை ஒன்று செய்யும், எவ்வளவு ஆசையாக நீட்டுகிறாளோ அவ்வளவு விறைக்கும். கை வெட்டி இழுத்துப் பந்தில் போய் மோதியது. பந்து உருண்டு விழுந்தது. டாக்டரம்மா ஏதோ எழுதினார். சீப்பு எங்கே என்றார்கள். கை கோப்பையைத் தட்டிவிட்டது. இன்னும் எழுதினார். பந்து எங்கே என்றபோது அவள் நீட்டவே இல்லை. முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டு அழுதாள். கையால் காட்டச் சொன்னவர்கள் அவள் கண் போன இடத்தைப் பார்க்கவில்லை.

"அவளுக்குத் தெரியும். வெக்கத்துல அழுவுறா. சொல்லுங்க ஐயா" என்றேன். அவர் சொன்னார். எல்லாத் தாயும் அப்படித்தான் சொல்வார்கள் என்று பதில் வந்தது. டாக்டரம்மாவின் குரலில் இரக்கம் இருந்தது. எனக்கு அந்த இரக்கம் வேண்டாமாக இருந்தது.

அவர் பேனாவை மூடினார். எங்களைப் பார்க்காமலேயே ஹலிமாவிடம் மலாயில் சொன்னார். பாசாரில் மீன் வாங்குகிற அளவுக்கு மலாய் எனக்கும் தெரியும். பாவம் பிள்ளை, கூட்டிக்கொண்டு போ, போவதற்குள் அந்த அம்மாவுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடு, இவ்வளவுதான் சொன்னார்.

என் தோளில் அழுகை நின்றது.

கோமதி தலையைத் தூக்கினாள். கழுத்து நடுங்க, மெதுவாக, மெதுவாகத் திரும்பி, எனக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தாள். அதன் கதவு மூடியிருந்தது. பிஸ்கட் டின் வெளியே தெரியவில்லை. ஹலிமா இன்னும் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

டாக்டரம்மா மூடிய பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, அதே குரலில், மலாயிலேயே, "இல்லை, மறந்துவிட்டேன், டின் மேஜைக்கு அடியில் இருக்கிறது" என்றார். கோமதியின் கண் அலமாரியை விட்டு மேஜைக்கு அடியில் போனது. அங்கே தேடியது.

"அங்கேயும் இல்லை. எல்லாவற்றையும் ஹலிமா தின்றுவிட்டாள்" என்றார் டாக்டரம்மா.

கோமதி ஹலிமாவை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்! அதற்குப் பிறகு போட்ட கூச்சல் வராந்தாவின் கடைசிவரை கேட்டிருக்கும். ஹலிமா ஓடிப்போய் அலமாரியைத் திறந்து பிஸ்கட்டை எடுத்து வந்து அவள் வாயில் வைத்தாள். அழுகையோடேயே தின்றாள். தின்று முடித்து, வாயைக் கோணி, நாக்கைச் சுழற்றி, முகமெல்லாம் வேலை செய்து, ஒரு சத்தம் வெளியே தள்ளினாள்.

"லா...கி."

மலாயில் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். ஒவ்வொரு வாய் ஊட்டிய பிறகும் ஹலிமா பிள்ளைகளிடம் கேட்கிற வார்த்தையாம் அது. நான் இல்லாத ராத்திரிகளில், யாரும் கற்றுக்கொடுக்காமல், யாருக்கும் தெரியாமல், என் பெண் ஒரு பாஷையையே படித்து வைத்திருந்தாள். டிரசர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டரம்மா எழுதிய தாளைக் கோடு போட்டு அடித்தார்.

பிறகு நடந்ததெல்லாம் நீளம். பூட்ஸ் செய்ததும், அதைப் பார்த்து அவள் பயந்ததும், வீட்டில் தூளியை அவிழ்த்து லயம் முழுக்கப் பாய் விரித்ததும், அடுத்த பிள்ளையை நான் ஆஸ்பத்திரியிலேயே பெற்றதும், அது பிறந்த நிமிஷத்தில் போட்ட கூச்சலைக் கேட்டு நான் சிரித்ததும். கோமதி இப்போது இரும்புச் சட்டத்தோடு, சுவரைப் பிடித்து, பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். பேச்சு குழறும். பழகியவர்களுக்குப் புரியும். எழுதக் கை வராது, கணக்கை மனசிலேயே போட்டுவிடுவாள். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். சில பிள்ளைகளுக்குக் காயம் பெரிது. ஆனால் தூக்கிக்கொண்டு வருகிற எல்லாரிடமும் ஒன்றைச் சொல்கிறேன். தரையில் போடுங்கள். கை என்ன செய்கிறது என்று பார்க்காதீர்கள், கண் எங்கே போகிறது என்று பாருங்கள்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கோமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கேட்ட கூச்சலில் முகம் வெளுத்திருந்தது. சட்டைப் பையில் பேனா வைத்திருந்தார். கையெழுத்துப் போட யாரிடமோ இரவல் வாங்கி வந்திருக்கிறார்.

"என்ன சொன்னாங்க?" என்றார்.

"அவங்க ஒண்ணும் சொல்லல. உங்க மகதான் சொன்னா. இன்னொரு பிஸ்கட் வேணுமாம்."

"சொன்னாளா? வாயால சொன்னாளா?"

"வாயாலதான். மலாயில சொன்னா."

அவர் அப்படியே வராந்தாத் தரையில் உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். கோமதி மேலேயிருந்து அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். கடைசியில் அவர் தொப்பியை எடுத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மகளை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

"எனக்கே மலாய் சரியா வராதேடி, ஆத்தா."